கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு வீதி: நெரிசலையும் கொள்ளளவையும் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை வழியாக அக்கரைப்பற்றுக்குப் போகும் வீதியைப் பற்றிப் பேச்செடுத்தால், யாரைக் கேட்டாலும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: அகலிக்க வேண்டும். இரண்டு தடத்தை நான்காக்கினால் எல்லாம் சரியாகிவிடும். விடயம் அவ்வளவு நேரானது என்றால் வீதிப் பொறியியல் என்று ஒரு படிப்பே தேவைப்பட்டிருக்காது. ஒரு வீதி எவ்வளவு வாகனத்தைத் தாங்கும், தாங்கவேண்டியதைத் தாங்காமல் எங்கே திணறுகிறது, வாகனம் பெருகப் பெருக எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதை இந்த வீதியையே வைத்துப் பார்க்கலாம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

ஒரே வீதிக்கு இரண்டு வேலை

வரைபடத்தில் ஏ4 என்று குறிக்கப்படும் இந்த நெடுஞ்சாலை கொழும்பில் தொடங்கி, இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று நாட்டின் தென்பாதியை வளைத்துக்கொண்டு வந்து, சுமார் 430 கிலோமீட்டர் ஓடி மட்டக்களப்பில் முடிகிறது. இலங்கையின் ‘ஏ’ தர வீதிகளில் மிக நீளமானது இதுதான். கோமாரிப் பக்கம் வெட்டவெளியில் வந்துகொண்டிருந்த வீதி, அக்கரைப்பற்றுக்கு வடக்கே ஊருக்குள் நுழைந்தால் வெளியே வராமலே அடுத்த ஊருக்குள் போய்விடுகிறது. நிந்தவூர், காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனைக்குடி, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை: எந்த இடத்தில் ஓர் ஊர் முடிந்து மற்றது தொடங்குகிறது என்பது வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது. அம்பாறை மாவட்டம் முடிந்து மட்டக்களப்பு மாவட்டம் வருவதையும் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. கிழக்கே கடல், மேற்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, இரண்டுக்கும் நடுவே ஒரு நாடாவைப்போல எழுவான்கரை. அந்த நாடாவின் நடுவில்தான் வீதி. ஊர்கள் அதன் இருபுறமும் ஒட்டிக்கொண்டு வளர்ந்தன. ரயில் பாதையோ மட்டக்களப்பு நகரோடு நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே, கரையோரத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் ஆளும் சாமானும் இந்த ஒரு வீதியைத்தான் நம்பியிருக்கின்றன.

வீதிகளுக்கு இரண்டு வேலைகள் உண்டு. தூரத்துக்குப் போகிறவரைத் தடையின்றிக் கொண்டுபோவது ஒன்று; வீட்டு வாசலுக்கும் கடை வாசலுக்கும் ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது மற்றது. அதிவேகப் பாதை முதல் வேலையை மட்டும் செய்யும். அங்கே நீங்கள் நினைத்த இடத்தில் நிறுத்தி இளநீர் குடிக்க முடியாது. ஒழுங்கை இரண்டாவது வேலையை மட்டும் செய்யும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை: ஒன்று கூடினால் மற்றது குறையும். நம் வீதி இரண்டையும் ஒரே அகலத்தில், ஒரே நேரத்தில் செய்கிறது. அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்கு விரையும் பஸ்சுக்கு அது நெடுஞ்சாலை. சாய்ந்தமருதில் மீன் வாங்கிக்கொண்டு குறுக்கே கடக்கிறவருக்கு அது தன் ஊர்க் கடைத்தெரு. இருவருமே நியாயமானவர்கள். இந்தப் பகையை விளங்கிக்கொள்ளாமல் தாரும் கல்லும் கொட்டினால் பணம்தான் போகும்.

வாகனத்தை எண்ணுவது

நெரிசலை அளக்க முதலில் எண்ண வேண்டும். சந்தியில் குடையைப் பிடித்துக்கொண்டு, கையில் படிவத்தோடு இளைஞர்கள் உட்கார்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவர்கள் செய்வது அதைத்தான். எந்த வகை வாகனம், எந்தத் திசை, எந்தக் கால் மணி நேரம் என்று கோடு போடுகிறார்கள்.

ஆனால் மோட்டார் சைக்கிளும் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரமும் எப்படி ஒன்றாகும்? அதனால் எல்லா வாகனத்தையும் ஒரே அளவுக்கு மாற்றுகிறார்கள். ஒரு காரை ஒன்று என்று வைத்துக்கொண்டு, மற்றவை எத்தனை காருக்குச் சமமான இடத்தையும் நேரத்தையும் வீதியில் எடுக்கின்றன என்று பார்ப்பது. இதற்குப் பெயர் கார் அலகு. மதிப்புகள் நாட்டுக்கு நாடு, வீதிக்கு வீதி சற்று மாறும். விளக்கத்துக்காக மோட்டார் சைக்கிள் 0.5, முச்சக்கர வண்டி 0.8, கார் அல்லது வான் 1, பஸ்சும் லொறியும் 2, பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் 4 என்று எடுப்போம்.

இனி ஒரு கற்பனைக் கணக்கு. பள்ளிக்கூடமும் கந்தோரும் தொடங்கும் காலை ஒரு மணி நேரத்தில், இரு திசையும் சேர்த்து 900 மோட்டார் சைக்கிள், 400 முச்சக்கர வண்டி, 350 கார் மற்றும் வான், 60 பஸ், 60 லொறி, 20 உழவு இயந்திரம் போகின்றன. மொத்தம் 1,790 வாகனம். அலகாக மாற்றினால் 450, 320, 350, 120, 120, 80, கூட்டினால் 1,440. இரு திசைக்கும் சரிபாதியாகப் பிரிந்தால் ஒரு திசைக்கு 720.

அது அதிகமா, குறைவா? உலகெங்கும் வீதிப் பொறியியலாளர்கள் பயன்படுத்தும் அமெரிக்க நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கைநூல் 1950ஆம் ஆண்டிலிருந்து திருத்தித் திருத்தி வெளிவருகிறது. அதன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, இரு தட வீதியொன்று மிக நல்ல நிலையில் இருந்தால் ஒரு திசையில் மணிக்கு 1,700 கார்களையும், இரு திசையும் சேர்த்து 3,200 கார்களையும் கொண்டுபோகும். நம் கணக்கில் உள்ளது 1,440. அதாவது பாதிகூட இல்லை. புத்தகத்தின்படி இந்த வீதி காற்றாடக் கிடக்க வேண்டும். பின் ஏன் நிற்கிறது?

பாதி நிரம்பாத வீதி எப்படி நிற்கிறது

பூட்டு அந்த ‘மிக நல்ல நிலை’ என்ற சொற்களில் இருக்கிறது. தடம் 3.6 மீட்டருக்குக் குறையக்கூடாது. ஓரத்தில் 1.8 மீட்டராவது வெறுமையாக இருக்க வேண்டும். லொறி, பஸ் இல்லாமல் காராகவே போக வேண்டும். யாரும் குறுக்கே வரக்கூடாது, திரும்பக்கூடாது, நிற்கக்கூடாது. கல்முனையில் இதில் ஒன்றாவது நடக்கிற காரியமா?

வயல் பக்கம் போய்வருகிறவர்களுக்கு இது புதிய விடயம் அல்ல. வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் துருசு விடுகிற அளவுதான் தண்ணீர் வரும். வீதியின் கொள்ளளவும் அதன் மிக நெருக்கமான இடத்தின் கொள்ளளவுதான். நாற்பது கிலோமீட்டரில் முப்பத்தொன்பது நன்றாக இருப்பது எண்ணிக்கையில் சேராது.

இந்த உண்மையை, மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலம் நமக்குப் பல்லாண்டு காலம் பாடமாக நடத்தியது. 1920களில் அங்கே கட்டப்பட்ட லேடி மெனிங் பாலம் ஒற்றைத் தடம். ஒரு பக்கம் வர மறுபக்கம் காத்திருக்க வேண்டும். இருபுறமும் இரு தட வீதி இருந்து என்ன பயன்? மாவட்டத்தின் தெற்கு வாசலே அந்தப் பாலத்தின் அகலம்தான். 2013இல் ஜப்பானிய உதவியுடன் பக்கத்தில் புதிய பாலம் வந்தபோது, வீதியில் ஓர் அங்குலத்தையும் கூட்டாமலே பயண நேரம் குறைந்தது. நெரிசலைக் குறைப்பதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிழக்கில் இல்லை என்றே சொல்வேன். ஒரு நெருக்கு அவிழ்ந்தால் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த அடுத்த நெருக்கு வெளியே தெரியும். அதுவும் இந்தத் துறையின் இயல்பு.

இன்று நெருக்கு பாலமாக இல்லை. ஒரு பஸ் நிற்கிற இடமாக இருக்கிறது.

களுதாவளையிலோ மருதமுனையிலோ பஸ் நிறுத்தும்போது அதன் இடப்பக்கச் சக்கரத்தைக் கவனியுங்கள். காபட் என்கிற தார்ப்பரப்பு முடிகிற விளிம்பில் அது நின்றுவிடும், கீழே இறங்காது. ஏனென்றால் காபட்டுக்கும் ஓரத்து மணலுக்கும் இடையில் நாலு விரல் பள்ளம். இறக்கினால் பஸ் சாயும். ஏற்றும்போது டயர் விளிம்பு உரசும். போதாக்குறைக்கு இறங்கவேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு முச்சக்கர வண்டி நிற்கிறது. ஆகவே முழுப் பஸ்சும் தடத்திலேயே நிற்கிறது. முதிய அம்மா ஒருவர் வெற்றிலைக் கட்டோடு ஏறுகிறார், நடத்துனர் மூட்டையைப் பின்கதவால் ஏற்றுகிறார். முப்பது வினாடி. பின்னால் வருபவை எதிர்த்தடத்தில் இடம் வந்தால் தாண்டும்; இல்லையென்றால் நிற்கும்.

முப்பது வினாடி பெரிய விடயமா? ஒரு திசையில் மணிக்கு 30 பஸ். தலைக்கு முப்பது வினாடி என்றால் 15 நிமிடம். மணி நேரத்தில் கால்வாசி நேரம் அந்தத் தடம் மூடிக் கிடக்கிறது. ஒரு தரிப்பிடத்தில் மட்டும்.

இப்போது கணக்கைத் தொடர்வோம். ஓரம் இல்லை, கடைக்கு முன் லொறி சாமான் இறக்குகிறது, வாகனங்கள் கலந்து வருகின்றன. இவற்றால் 1,700 என்ற கொள்ளளவு 1,000க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கால்வாசியைப் பஸ் எடுத்தால் மீதி 750. வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் வண்டிகளும் பாதசாரிக் கடவையும் இன்னும் 90ஐ எடுத்தால் மீதி 660. வருவது 720. மிச்சம் 60 அலகு வரிசையில் நிற்கிறது. ஓர் அலகுக்கு ஏழு மீட்டர் என்றால் மணி நேர முடிவில் வரிசை 420 மீட்டர் நீளம்.

கவனிக்க வேண்டியது, வித்தியாசம் 60 மட்டும்தான். நெரிசல் படிப்படியாக வருவதில்லை. 650 வரும்வரை ஒன்றுமே தெரியாது; 660ஐத் தாண்டியதும் திடீரென்று வால் வளரும். அதே காரணத்தால் அதைக் கரைக்கவும் மலையைப் புரட்ட வேண்டியதில்லை. பஸ் ஒதுங்கி நிற்க, தடத்துக்கு வெளியே மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு தரிப்புக் குடாவை வெட்டிக் கொடுங்கள். பஸ் எடுத்துக்கொண்ட கால்வாசி திரும்பி வருகிறது: 1,000 கழித்தல் 90, மீதி 910. 720 தாராளமாகப் போகும்.

பஸ்சைப் பற்றி இவ்வளவு சொன்னதால் பஸ்தான் எதிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐம்பது பேரை ஏற்றிய பஸ் இரண்டு அலகு. அந்த ஐம்பது பேரும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் வந்தால் 25 அலகு. பஸ்சுக்கு நிற்க இடம் கொடுக்காததுதான் பிழை. பஸ்சைக் குறைப்பது அதைவிடப் பெரிய பிழை. ஆட்களுக்காக அடுத்த பஸ்சோடு போட்டிபோட்டு ஊர்ந்து வருவதும், பிறகு பறப்பதும் வேறு கதை. அதற்கு மருந்து ஒழுங்கான நேர அட்டவணை, தார் அல்ல.

சந்தியும் ஓரமும்

தடத்துக்கு அடுத்தபடியாக நேரத்தைத் தின்பது சந்தி. இரு வாகனங்களின் பாதைகள் மோதக்கூடிய இடங்களைப் பொறியியலாளர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். நான்கு வீதிகள் சேரும் சாதாரணச் சந்தியில் அப்படி 32 புள்ளிகள். மூன்று வீதி சேர்ந்தால் 9. நான்கு வீதி சேரும் இடத்தில் சுற்றுவட்டம் போட்டால் 8. சுற்றுவட்டத்தை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். இடம் இல்லாத சந்தியில் சமிக்ஞை விளக்குப் போடலாம். அதுவும் முடியாத இடத்தில், வலப்பக்கம் திரும்புகிறவர் காத்திருக்க நடுவில் ஒரு தனித் தடம் ஒதுக்கினாலே பின்னால் வருபவர்கள் விடுதலையாகிவிடுவார்கள்.

இன்னொரு வழி நடுத்திட்டு. காத்தான்குடியில் பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும் நடுத்திட்டைப் படம் எடுக்காத வெளியூர்க்காரர் குறைவு. அழகை விடுங்கள், அது செய்கிற வேலையைப் பாருங்கள்: கண்ட கண்ட இடத்தில் வலப்பக்கம் வெட்டித் திரும்புவதைத் தடுத்து, திரும்பல்களைச் சில இடைவெளிகளுக்குள் ஒதுக்கிவிடுகிறது. குறுக்கே கடக்கிறவருக்கும் பாதி தூரத்தில் நின்று மூச்சுவிட ஓரிடம் கிடைக்கிறது. அதற்கு விலையும் உண்டு. எதிர்ப்பக்கக் கடைக்குப் போகவேண்டியவர் தாண்டிப்போய்ச் சுற்றி வரவேண்டும்.

ஓரங்களைப் பற்றிச் சொல்லப்போனால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். பல இடங்களில் வீதிக்கு என்று அரசு வைத்திருக்கும் அகலம் நாம் ஓட்டுகிற அகலத்தைவிடக் கூடியது. மீதி எங்கே? வடிகானுக்கு மேல் போட்ட பலகையில் வாழைக்குலை தொங்குகிறது. நடைபாதையில் பிளாஸ்டிக் கதிரை அடுக்கியிருக்கிறது. அதற்கு முன்னால் கடைக்காரரின் மோட்டார் சைக்கிள், அதற்கு முன்னால் வாடிக்கையாளரின் கார். நடக்கிறவர் காபட்டுக்கு இறங்குகிறார். அவரைத் தவிர்க்க வாகனம் நடுவுக்கு விலகுகிறது. வீதியை அகலிக்கக் கோடிகள் கேட்பதற்கு முன் கையில் இருக்கிற அகலத்தை மீட்பது நியாயம். வாகனங்களை ஒழுங்கைகளுக்குள்ளோ சந்தைக்குப் பின்னாலோ நிறுத்த இடம் தராமல் விரட்டினால் மட்டும் அது நடக்காது என்பதும் உண்மை.

அறுவடைக்காலத்தில் இன்னொன்று சேரும். பெரும்போகம் முடிந்து மாசி, பங்குனியில் வயலோர வீதிகளில் பாதித் தடம் நெல் காயப்போடும் களமாகிவிடும். வாகனம் ஏறாமலிருக்க விளிம்பில் கல் அடுக்குவார்கள். நெல்லை அள்ளிக்கொண்டு போனபிறகும் அந்தக் கற்கள் அங்கேயே கிடக்கும். இரவில் வருகிற மோட்டார் சைக்கிள்காரருக்கு அவை தெரிவதில்லை. விவசாயியைத் திட்டி என்ன செய்ய? காயவிடத் தளம் இல்லாத குறை வீதியில் வந்து விடிகிறது. கட்டாக்காலி மாடுகளின் கதையும் ஏறத்தாழ இதேதான்.

நாளைய வாகனம்

தரிப்புக் குடாவால் 910 கிடைத்தது. அது எவ்வளவு காலத்துக்கு? வாகனம் வருடத்துக்கு 5 வீதம் கூடினால், வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல ஏறி, 14 வருடத்தில் இரட்டிப்பாகும். 720 என்பது 910ஐத் தொட ஐந்து வருடம் போதும். ஓரங்களையும் மீட்டு, அடிப்படைக் கொள்ளளவை 1,000 இலிருந்து 1,300க்கு உயர்த்தினால், 90 போக மிஞ்சும் 1,210 சுமார் பத்தரை வருடம் தாங்கும். இருபதாவது வருடத்தில் வருவது 1,900க்கு மேல். அப்போது மிக நல்ல நிலையில் உள்ள இரு தட வீதியாலும் முடியாது. ஆக, அகலிக்க வேண்டும் என்று சொல்பவர்கள் முற்றிலும் பிழை இல்லை. காலத்தைத்தான் பிழையாகக் கணிக்கிறார்கள்.

வளர்ச்சி வீதத்தைக் கணிப்பது கத்திமேல் நடக்கிற வேலை. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. நடுவில் 2022இல் எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்றது. அந்த ஆண்டில் யாராவது வாகனம் எண்ணியிருந்தால், கல்முனைக்கு வீதியே தேவையில்லை என்றுகூட முடிவு வந்திருக்கும். ஆகவே ஒரு திட்ட அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் பார்க்கவேண்டியது, எந்த ஆண்டில், எந்த மாதத்தில், என்ன கிழமையில் எண்ணினார்கள் என்பதைத்தான். வெள்ளிக்கிழமை நண்பகலில் காத்தான்குடியும் கல்முனையும் வேறு. ஞாயிறு மாலையில் வேறு. ஆனி, ஆடியில் கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் இந்த வீதியின் ஓரத்தில் நாட்கணக்கில் வரிசையாகப் போவார்கள். கணக்கெடுக்கும் படிவத்தில் பாதயாத்திரைக்கு ஒரு நிரல் இருக்கிறதா?

வீதியைச் சீராக்கினால் அதனாலேயே வாகனம் கூடும் என்பதும் கணக்கில் சேர வேண்டும். முன்பு மாதத்துக்கு ஒருமுறை கல்முனைக்குத் துணி எடுக்கப் போனவர், அரை மணி நேரத்தில் போகலாம் என்றால் வாரத்துக்கு ஒருமுறை போவார். இதைத் தூண்டப்பட்ட போக்குவரத்து என்பார்கள். வீதி அகலிப்பை எதிர்ப்பவர்களுக்குப் பிடித்த வாதம் இது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. போருக்குப் பிறகு மனிதர் அச்சமில்லாமல் அடுத்த ஊருக்குப் போய்வருவது நாம் விரும்பிக் கேட்ட ஒன்றல்லவா? கூடுகிற பயணத்தைக் குற்றமாகப் பார்க்காமல், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் போதும்.

அகலிப்பதன் விலை

நான்கு தடம் என்றால் தடத்துக்கு மூன்றரை மீட்டர் வீதம் 14 மீட்டர். நடுத்திட்டு, நடைபாதை, வடிகான் சேர்ந்தால் இருபதைத் தாண்டும். இருபுறமும் ஐந்து மீட்டர் எடுக்கவேண்டி வந்தால், ஒரு கிலோமீட்டருக்குப் போவது 10,000 சதுர மீட்டர். நம் கணக்கில் சுமார் 395 பேர்ச்சஸ், ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். வயலில் இரண்டரை ஏக்கர் சிறு துண்டு. சாய்ந்தமருதிலும் காத்தான்குடியிலும் வீதி முகப்பில் இரண்டரை ஏக்கர் என்பது எத்தனை கடை, எத்தனை குடும்பத்தின் அடுப்பு என்று சொல்லத் தேவையில்லை. பள்ளிவாசல் மதிலும் கோயில் முன்மண்டபமும் அந்த ஐந்து மீட்டருக்குள் வரும்.

காணி எடுப்பது 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் வழி. பிரதேச செயலாளர் அறிவித்தல் ஒட்டுவார், நில அளவையாளர் வந்து அளப்பார், வர்த்தமானியில் வெளியாகும், உரிமை கோருவோரை விசாரிப்பார்கள், விலைமதிப்புத் திணைக்களம் தொகை சொல்லும். இதில் காணி உறுதிப் பத்திரம் கையில் இல்லாதவர்கள்தான் அதிகம் அலைவார்கள். 2004 சுனாமியில் ஆவணங்களைக் கடலுக்குக் கொடுத்த கரையோரத்தில் அது சின்ன விடயம் அல்ல. கடையை வாடகைக்கு எடுத்து நடத்துபவருக்குக் காணி இல்லை. ஆனால் இருபது வருட வாடிக்கையாளர் போகிறார்கள். அந்த இழப்புக்குத் திட்டத்தில் இடம் இருக்கிறதா என்று தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

காணிக்குள் வராத செலவு ஒன்று உண்டு. மின்கம்பம், குடிநீர்க் குழாய், தொலைபேசிக் கம்பி எல்லாவற்றையும் தள்ளி வைக்க வேண்டும். காபட் போட்டு முடித்த மறுமாதம் குழாய்க்காக அதே இடத்தைக் கிண்டுகிற வழக்கம் நமக்குப் பழகிப்போனது.

சுற்றிப் போகலாமா

‘அப்படியானால் புறவழி வீதி போடுங்கள்’ என்பது அடுத்த யோசனை. எங்கே போடுவது? கிழக்கே கடற்கரை. கரையிலிருந்து உள்நோக்கி 300 மீட்டர் வரை கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே கட்டுமானத்துக்கு அனுமதி வேண்டும். சுனாமியைக் கண்ட மண்ணில் முதன்மை வீதியைக் கடலோரம் கொண்டுபோவதை நான் ஆதரிக்க மாட்டேன். மேற்கே வாவியும் கண்டலும் வயலும்.

வாவிக்கு அப்பால் படுவான்கரை இருக்கிறது. 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் ஆரையம்பதிப் பக்கத்திலிருந்து கொக்கட்டிச்சோலைக்கு இப்போது நேராகப் போகலாம். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே இயந்திரப் படகுப் பாதை வாகனங்களை ஏற்றி இறக்கி வந்திருக்கிறது. அந்தக் கரையின் வீதிகளைச் சீராக்கி, வாவிக்குக் குறுக்கே இணைப்புகளைக் கூட்டினால் தெற்குக்கு இன்னொரு வழி பிறக்கும். நல்ல யோசனைதான். ஆனால் முதலில் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: கல்முனையில் நிற்கிற வாகனங்களில் எத்தனை கல்முனையைக் கடந்து போக வந்தவை, எத்தனை கல்முனைக்கே வந்தவை? வாகனத்தை நிறுத்தி ‘எங்கிருந்து, எங்கே’ என்று கேட்டுப் பதியும் ஆய்வு இதற்காகத்தான். பெரும்பாலானவை சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வந்தவை என்றால், புறவழி வீதி வெறுமையாகக் கிடக்கும், கல்முனை அப்படியே நெரியும். படுவான்கரைக்கு நல்ல வீதி வேண்டும் என்பதற்கு அந்தக் கரையின் மக்களே போதுமான காரணம். எழுவான்கரையின் நெரிசலைச் சாட்டாகச் சொல்லத் தேவையில்லை.

மழையும் வேகமும்

தட்டையான நிலத்தில் வீதியை உயர்த்தினால் அது அணைக்கட்டாகிவிடும். ஐப்பசி முதல் தை வரை கொட்டுகிற மழை எங்கேயாவது போக வேண்டுமே. மதகு சிறிதானால் தண்ணீர் ஒரு பக்கத்து வீடுகளில் தேங்கும். வீதி தாழ்ந்திருந்தால் வீதியின்மேலேயே பாயும். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வீதியை மூடிப் பாய்ந்த நீரில் உழவு இயந்திரம் கவிழ்ந்து மத்ரஸா மாணவர்கள் இறந்தார்கள். வீதி மேம்பாடு என்றால் வாகனக் கணக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அந்த இடத்தை ஒருமுறை மழையில் போய்ப் பார்க்கட்டும். மேம்படுத்தல் வரைபடத்தில் மதகுகளின் அளவு எந்த வெள்ளத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது என்பது தடத்தின் எண்ணிக்கைக்குச் சற்றும் குறையாத கேள்வி.

நெரிசல் தீர்ந்த வீதி வேகமான வீதி. சராசரி வேகம் ஒரு வீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு வீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊர்ப்பகுதியில் சட்டம் அனுமதிப்பது மணிக்கு 50 கிலோமீட்டர். நேரான, வழுவழுப்பான நான்கு தட வீதியில் யார் ஐம்பதில் போவார்? ஆகவே ஊருக்குள் வரும் துண்டுகளில் தடத்தைச் சற்று ஒடுக்கி, கடவையை உயர்த்தி, நடுத்திட்டில் நிற்க இடம் வைத்து, வேகத்தை வீதியின் அமைப்பாலேயே கட்டுப்படுத்த வேண்டும். மலேசியாவில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனித் தடம் 1970களிலேயே வந்துவிட்டது. நம் வீதியில் பாதி வாகனம் மோட்டார் சைக்கிளாக இருந்தும் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

எதை முதலில்

ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. அவற்றில் வந்து சேரும் வீதிகள் மாகாண சபைக்கும் மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கும் உரியவை. தரிப்பிடம், வாகன நிறுத்தம், கடை நீட்சி, குப்பை எல்லாம் இந்த எல்லைகளுக்கு நடுவில் விழுகின்றன. அதனால்தான் பாலம் கட்டுவதைவிட ஒரு பஸ் தரிப்புக் குடா வெட்டுவது சில நேரம் கடினமாக இருக்கிறது. ஆனாலும் வடிகானும் ஓரமும் குடாவும் சந்தியும் ஓரிரு வருட வேலை. அவை பத்து வருடத்தை வாங்கித் தரும்.

அந்தப் பத்து வருடத்தில் சத்தமில்லாமல் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வீதியின் நடுக்கோட்டிலிருந்து இத்தனை மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது என்று கட்டட எல்லை குறிப்பார்கள். பழைய கடையை இன்று இடிக்கத் தேவையில்லை. அதன் உரிமையாளர் தானாகவே இடித்து மாடி கட்ட அனுமதி கேட்டு வரும் நாளில், பின்வாங்கிக் கட்டினால்தான் வரைபடம் ஒப்பமாகும் என்று சபை உறுதியாக நிற்க வேண்டும். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் வரிசை முழுவதும் போய்விடும். பின்வாங்கிக் கிடைக்கிற அந்த இடத்தில் அதுவரை கார் நிறுத்தலாம், மரம் நடலாம், நடைபாதை போடலாம். நான்கு தடம் தேவைப்படுகிற ஆண்டு வரும்போது இடிக்கவேண்டிய சுவர் அங்கே இருக்காது.